ஆற்றில் அலசிய செம்பு

அந்தத் தைப்பூசத்தன்று என் செம்பிலிருந்த பால் ஏன் திரிந்தது?

இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. சில நாள் ஒரு பதில் சரி என்று தோன்றும். மறுநாள் அரிசி களையும்போது அது தவறு என்று தோன்றும். ஒரு செம்புப் பால் திரிந்ததற்கு இவ்வளவு யோசனையா என்று வெளிநாட்டிலிருந்து படிப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் மொரீசியஸ் தீவில் அது சின்ன விஷயம் இல்லை.

இங்கே காவடி ஆற்றங்கரையில்தான் தொடங்கும். விரதம் இருந்தவர்கள் விடியற்காலையில் ஆற்றில் குளித்து, ஈரத்துணியோடு கரையில் நிற்பார்கள். ஆண்கள் காவடி எடுப்பார்கள். பெண்கள் பெரும்பாலும் பால்செம்பு எடுப்போம். செம்பை அந்த ஆற்று நீரில் அலசி, காலையில் கறந்த பாலை ஊற்றி, வாயை வாழையிலையால் மூடி மஞ்சள் நூலால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கோயில் வரை நடக்க வேண்டும். தை மாதம் எங்களுக்குக் கடுங்கோடை. தார் ரோட்டில் பாதம் கொப்பளிக்கும். கோயிலில் இலையைப் பிரிக்கும்போது பால் காலையில் ஊற்றியதுபோலவே இருக்க வேண்டும். திரிந்திருந்தால் எடுத்தவள் விரதத்தில் குறை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தமிழ் எனக்குக் கோயில் வகுப்பில் வந்தது, பிறகு நானே புத்தகங்கள் படித்து வளர்த்துக்கொண்டேன். ஆகவே இங்கே வரும் பேச்சுகள் எல்லாம் நான் தமிழில் மாற்றி எழுதியவை. என் மாமியார் சொன்னவற்றில் சூடு குறைந்திருந்தால் அந்தப் பிழை என்னுடையது.

நான் பிறந்தது பாம்ப்ளமூஸ் பக்கம். பள்ளி முடித்ததும் தலைநகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. மலேரியாவை ஒழிக்கும் வேலை முடியும் தறுவாயில் இருந்த காலம். கிராமங்களிலிருந்து கண்ணாடித் தகடுகளில் இரத்தத் துளிகள் வரும். அவற்றுக்குச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து, சிவப்பணுவுக்குள் அந்தக் கிருமி மோதிரம்போல உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மலேரியாக் கிருமி ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். என் தாய்மாமன் ஒருவரை அது கொண்டுபோயிருந்தது. ஒற்றைச் செல் உயிர் என்றால் பகைவன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் ஆற்றில் ஒரு விநோதம் உண்டு. இந்தத் தீவில் சர்க்கரை ஆலை பக்கத்தில் இருக்கும் ஆறு எல்லாவற்றிலும் உண்டு என்று நினைக்கிறேன். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலையின் கழிவுநீர் ஆற்றில் சேரும். நீர் சாம்பல் நிறமாகும், அழுகிய முட்டை வாடை வரும், கற்களின் மேல் பஞ்சுபோல வழுவழுவென்று ஒன்று படரும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். துணி துவைக்கும் பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். "பாவம், ஆலைக்காரன் ஆத்துக்கும் ரம் ஊத்திட்டான். மீனெல்லாம் தலை கிறுகிறுத்து நிக்குது." ஆலை நின்றதும் சில வாரங்களில் நீர் தானாகத் தெளியும். கல்லுக்கடியில் செவ்ரெட் என்று நாங்கள் சொல்லும் பொடி இறால்கள் திரும்பி வரும். காவடித் திருநாளுக்குள் அடியிலிருக்கும் மணல் தெரியும். முருகன் தன் ஆற்றைத் தானே கழுவிக்கொள்கிறார் என்று என் அம்மா சொல்வாள்.

யார் கழுவுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. ஒரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது சாம்பல் நிற ஆற்று நீரை மருந்துப் புட்டியில் பிடித்து, ஒரு துண்டு கரும்புச் சக்கையும் போட்டு, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். என் பக்கத்து மேசையில் இருந்தவள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "எல்லாரும் ஊர்லேர்ந்து ஊறுகாய் கொண்டுவருவாங்க. நீ சாக்கடை கொண்டுவந்திருக்கியே, யாருக்குடி?" என்றாள்.

மதியச் சாப்பாட்டு வேளைகளில் அந்த நீரைத் துளித் துளியாகப் பார்த்தேன். முதலில் வெறும் புள்ளிகள், கோடிக்கணக்கில், கொதிக்கும் கஞ்சிபோல. அவைதான் பாக்டீரியா என்ற நுண்கிருமிகள். சர்க்கரையைத் தின்று பெருகி, நீரில் கரைந்திருக்கும் காற்றைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் திணறியது ரம்மால் அல்ல, மூச்சுக் காற்று இல்லாமல். பிறகு வாலை அடித்துக்கொண்டு மிகச் சிறியவை சில வந்தன. அதற்கடுத்துப் பெரியவை வந்தன. செருப்பின் அடிப்பகுதிபோன்ற உடல், சுற்றிலும் துடிக்கும் மயிர்கள். அந்த மயிர்களால் நீரைச் சுழற்றி, புள்ளிகளை வாய்ப்பள்ளத்துக்குள் வாரி வாரிப் போட்டுக்கொண்டன. உடல் கண்ணாடிபோல இருப்பதால் விழுங்கியவை உள்ளே உருளுவதும் தெரியும். கடைசியாகக் காம்பின் நுனியில் மணி வைத்ததுபோல ஒன்று வந்தது. தகட்டை விரலால் தட்டினால் காம்பு சுருண்டு மணி உள்ளே ஓடிவிடும். சற்றுப் பொறுத்தால் தயங்கித் தயங்கி நிமிரும். அதன் கூச்சம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மணிகள் வந்தபோது புட்டியில் நீர் தெளிந்திருந்தது. இவை எல்லாமும் ஒற்றைச் செல் உயிர்கள்தான், மலேரியாக் கிருமிக்குத் தூரத்து உறவு. இவை பாக்டீரியாக்களைத் தின்கின்றன. இவற்றை நீர்ப்பூச்சிகள் தின்கின்றன, பூச்சிகளை மீன்குஞ்சும் செவ்ரெட்டும் தின்கின்றன, செவ்ரெட்டை நாங்கள் கீரையோடு சமைத்துத் தின்கிறோம். ஆலையில் வீணான சர்க்கரை இப்படிப் படிப்படியாக எங்கள் தட்டுக்கே திரும்பி வருகிறது. இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஆறு அழுகியபடியே கிடக்கும். இதை அம்மாவிடம் சொன்னேன். "அதத்தான் நானும் சொன்னேன், முருகன்னு" என்றாள்.

கல்யாணமாகி நான் வந்தது சென்ட்ர் டி ஃப்ளாக்குக்குப் பக்கத்துக் கிராமம். என் கணவர் அங்கே மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் அவருடைய அம்மா மட்டும். அவரை நான் அத்தை என்று கூப்பிடுகிறேன். இந்த ஊருக்கும் ஓர் ஆறு, மேலே ஓர் ஆலை. வேலையை விட்டுவிட்டதால் நுண்ணோக்கி இல்லை. ஆனால் கரும்பு வெட்டுக் காலத்தில் ஒரு புட்டி ஆற்று நீரைச் சமையலறை ஜன்னலில் வைக்கும் பழக்கம் போகவில்லை. கலங்கித் தெளிவதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டியதில்லை.

மகள் பிறந்து, நிற்கவும் பேசவும் தொடங்கியபோது, அவளுக்கு அந்தப் புட்டிதான் விளையாட்டு. தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன், அவள் தொடமாட்டாள். முக்காலியில் ஏறி மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

"அம்மா, உள்ள யாரு?"

"குட்டிக் குட்டியா இருக்காங்க. அழுக்கத் தின்னுட்டிருக்காங்க."

"அம்மா திட்டினாங்களா, சாப்பிடுன்னு?"

"அவங்களுக்கு அம்மா கிடையாது. ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சுடும், அவ்வளவுதான்."

அவள் மறுபடியும் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்போ ரெண்டும் அக்கா தங்கச்சி" என்று முடிவு சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

புட்டியின் வாயைத் துணியால் கட்டியிருந்தேன். அந்த முடிச்சை என் மனதில் எத்தனையோ முறை அவிழ்த்துக் கட்டிப் பார்த்துவிட்டேன். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது வயிற்றுக்கடுப்பு வந்தது. சளியும் இரத்தமுமாகப் போயிற்று. ஊரில் அந்த மாதம் பல குழந்தைகளுக்கு அப்படி. நாங்கள் குடிநீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். ஆனால் குழந்தை பகல் முழுவதும் என் கண்ணெதிரிலா இருந்தாள்? பக்கத்து வீட்டுக் குழாய், யாரோ கொடுத்த பழம், கை கழுவாமல் எடுத்த ரொட்டி. ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்பவரிடம் நானும் அந்த வேலை பார்த்தவள் என்று சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து என்னை நுண்ணோக்கியில் பார்க்கவிட்டார்.

அமீபா. அதுவும் ஒற்றைச் செல்தான். உருவமில்லாமல் வழிந்து வழிந்து நகர்ந்தது. உள்ளே என் மகளின் சிவப்பணுக்கள் தெரிந்தன. புட்டியில் நான் ரசித்துப் பார்த்தவை புள்ளிகளை விழுங்கியதுபோலவே இது அவளை விழுங்கிக்கொண்டிருந்தது. ஆற்றைக் காப்பாற்றுகிற பசியும் இந்தப் பசியும் ஒரே பசி. நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தேன். அவர் நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவள் கட்டிலருகே நின்று வேண்டிக்கொண்டேன். இவள் எழுந்து நடந்தால் வருகிற தைப்பூசத்துக்குப் பால்செம்பு எடுக்கிறேன். மருந்தும் கொடுத்தார்கள். எது வேலை செய்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் எழுந்தாள். மெலிந்து, கண்கள் பெரிதாகி, ஆனால் நடந்தாள்.

அந்த ஆண்டு கரும்பு அதிகம். ஆலையில் இயந்திரம் ஒன்று நடுவில் பழுதானதால் வெட்டும் தாமதமாயிற்று. வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்குள் நின்றுவிடும் ஆலை, புத்தாண்டு தாண்டியும் புகைந்தது. மழையும் இல்லை. ஆறு ஒடுங்கி, காவடி நெருங்கியபோதும் சாம்பல் நிறத்தில் இருந்தது. என் ஜன்னல் புட்டியும் கலங்கலாகவே இருந்தது. தின்பவர்களுக்கு அவகாசம் போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால்தான் என்ன? காவடிக்கு வேறு ஆற்றுக்குப் போகிறவர்களா நாங்கள்?

விரதம் தொடங்கியது. விரத நாட்களில் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் நுழையக் கூடாது. வீட்டைக் கழுவி, பாத்திரங்களைத் தேய்த்து, தரையில் பாய் போட்டுப் படுத்தோம். ஆனால் மருத்துவர் குழந்தைக்குத் தெம்பு வேண்டும், மீன் சாறு கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் பருப்புத் தண்ணீரும் பாலும் கொடுத்துப் பார்த்தேன். அவள் எடை ஏறவில்லை. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தைதான் முடிவு செய்தார். "நீ விரதக்காரி, நீ கிட்ட வராத. புள்ளைக்கு நான் பாத்துக்கறேன்." ஃப்ளாக் சந்தையில் ஒரு மீன் வாங்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல், கொல்லையில் பலாமரத்தடியில் மூன்று கல் வைத்து, ஒரு பழைய சட்டியில் சாறு காய்ச்சினார். மரத்தடியிலேயே குழந்தைக்கு ஊட்டினார். வாய் கழுவி, துணி மாற்றி, பிறகுதான் உள்ளே விட்டார். அவரும் குளித்துவிட்டு வந்தார். சட்டியைக் கரும்புக் காட்டில் தூக்கி எறிந்தார். நான் ஜன்னலருகில் நின்று பார்த்தேன். மகள் அத்தையின் மடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் திறந்தாள். அந்த வாரம்தான் அவள் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது.

தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில் கூட்டம். மாவு தடவியதுபோல மங்கலான நீரில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூழ்கினோம். "கண்ண மூடிக்கோ, வாயயும் மூடிக்கோ, முருகா சொல்றத மனசுக்குள்ள சொல்லிக்கோ" என்று ஒரு பெண் தன் தங்கைக்குச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தோம். செம்பை அலசினேன். அலசிய நீர் சொட்டுச் சொட்டாக வடியும் வரை கவிழ்த்துப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. பாலை ஊற்றிக் கட்டினேன். மகளை என் கணவர் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அவள் எனக்கு மேலே இருந்து, "அம்மா, ஆடாத. அம்மா, ஆடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கோயிலில் குருக்கள் இலையைப் பிரித்து வேலின் மேல் செம்பைச் சாய்த்தார். முதலில் எதுவும் வரவில்லை. பிறகு கட்டி கட்டியாக விழுந்தது, பின்னால் பச்சை நிறத் தண்ணீர். அவர் அடுத்த செம்பை வாங்கினார். ஆனால் பின்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"படிச்ச பொண்ணுதானே அது?"

"படிப்பு வேற, பத்தியம் வேற."

அவ்வளவுதான் பேசினார்கள். என்னை நோக்கிக்கூடப் பேசவில்லை. அன்று இன்னும் சிலருடைய பாலும் திரிந்தது என்று பிறகு காதில் விழுந்தது. யாருடையது என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். ஃப்ளாக்கிலிருந்து வந்த ஒருத்தி வீட்டிலேயே செம்பைக் குழாய் நீரில் கழுவிப் பால் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். அவள் பால் தாரையாக விழுந்ததை நானே பார்த்தேன். ஒரு செம்பைக் கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும்? பரிசோதனைக் கூடத்தில் ஒரே தகட்டைப் பார்த்து முடிவு எழுதினால் திட்டுவார்கள்.

அத்தை வழியில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குப் போய், மரத்தடியில் அந்த மூன்று கற்களையும் பெயர்த்து வேலிக்கு அப்பால் போட்டார்.

மழைக்காலம் முடிந்து குளிர் வந்தபோது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. வலது விலாவுக்குக் கீழே கை வைத்தால் துடித்தாள். பழையது முழுதாகப் போகவில்லை, கல்லீரலுக்குப் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஒரு மதியம், வெளியே முதல் கரும்பு வண்டிகள் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள். அதற்குமேல் அந்த நாளை எழுத எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னல் புட்டியை எடுத்து வாய்க்காலில் கவிழ்த்தேன். அதற்குப் பிறகு வைக்கவில்லை.

இப்போது எனக்கு ஒரு மகன். ஒன்றரை வயது. சுதந்திரம் வரப்போகிறது, வரக் கூடாது என்று ஊரெல்லாம் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. என் கணவரும் மாலையில் வானொலியருகே உட்கார்ந்துவிடுகிறார். நான் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். மகன் குளிக்கும் நீரைக்கூடக் காய்ச்சுகிறேன். அவன் மழையில் கையை நீட்டினால் பிடித்து இழுக்கிறேன். அவனுக்குப் புட்டிகளைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. தண்ணீரைக் கண்டால் அவன் என் முகத்தைப் பார்க்கிறான். ஒரு குழந்தையை இப்படி வளர்ப்பது சரியில்லை என்றும் தெரிகிறது.

அவன் பிறந்தபோது அத்தை ஒரு வேண்டுதல் செய்துகொண்டார், என்னைக் கேட்காமல். அவன் நடக்கத் தொடங்கியதும் அவன் அம்மா மறுபடியும் பால்செம்பு எடுப்பாள் என்று. இந்தத் தைப்பூசத்துக்கு. போன வாரம் மதியத்தில், மகன் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் அந்தச் செம்பைப் பரணிலிருந்து எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

"இந்த வருஷம் வீட்டுல ஒரு பொட்டு கவுச்சி கிடையாது" என்றார். "பையனுக்கும் கிடையாது. யாரு சொன்னாலும் கிடையாது."

"சரி அத்தை."

"விரதம் இருந்தது நீ. மீன் சமைச்சது நான்." கையை நிறுத்தவில்லை. "சட்டியத் தூக்கி எறிஞ்சேன். கைய எங்கம்மா எறியறது?"

இத்தனை நாளும் அவர் என்னைத்தான் சந்தேகிக்கிறார் என்று நினைத்திருந்தேன். கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், முதல் முறையாக, எல்லாவற்றையும். புட்டியைப் பற்றி, புள்ளிகளைப் பற்றி, அவற்றைத் தின்று ஆற்றைத் தெளிய வைக்கும் உயிர்களைப் பற்றி. அந்த ஆண்டு ஆலை நிற்காததால் அவை வேலையை முடிக்கவில்லை என்றும், கிருமி நிறைந்த நீரில் செம்பை அலசியதால் பால் திரிந்திருக்கலாம் என்றும்.

"நம்ம கண்ணுக்குத் தெரியாதா அது?"

"தெரியாது அத்தை. நான் பார்த்திருக்கேன்."

"பலாமரத்தடியில நான் செஞ்சதால இல்ல?"

"இல்ல அத்தை. அது ஆறு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ விரதத்துல குறை இல்ல."

"இல்ல."

"சாமி பால ஏத்துக்கிட்டாரு."

அவர் செம்பைத் தரையில் வைத்தார்.

"ஏத்துக்கிட்டும் புள்ளைய எடுத்துக்கிட்டாரா?"

கொல்லையில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. எங்கோ பாதையில் லாரி ஒன்று ஏறிப் போயிற்று. நான் சொன்ன விளக்கத்தில் அந்த இடம் காலியாக இருப்பதை அதுவரை நான் பார்க்கவே இல்லை.

அத்தை மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார். "வேணாம்மா" என்றார். "மீன்தான் காரணமா இருக்கட்டும். எந் தப்பா இருந்தா, இந்தத் தடவ அத நான் பண்ணாம இருந்துக்கலாம். உன் ஆத்த நான் என்ன பண்ண முடியும்?"

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் வானொலியைக் குறைத்தார். "ரெண்டும் செய். எல்லாரும் பாக்க ஆத்துல அலசு. அப்புறம் நான் ஒரு புட்டியில காய்ச்சின தண்ணி கொண்டுவரேன், துண்டுக்குள்ள மறச்சு அதுல ஒரு தரம் அலசிடு. அம்மாவுக்கும் தெரியவேண்டாம், ஆத்துக்கும் தெரியவேண்டாம்." அவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆண்டும் வெட்டு தாமதம், ஆலை இன்னும் ஓடுகிறது. நேற்று மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்தில் நின்று பார்த்தேன். கற்கள் மேல் அதே பஞ்சு. செவ்ரெட் ஒன்றும் இல்லை. நீர் எப்போது தெளியும் என்று என்னால் கணக்குப் போட முடியும். காவடிக்குள் தெளியாது.

காய்ச்சிய நீரில் நான் ரகசியமாக அலசி, பால் தாரையாக விழுந்தால், அத்தை மன்னிப்புக் கிடைத்தது என்று நம்புவார். அவர் கை அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது என் தந்திரத்தால் கிடைத்தது. பிறகு மகனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஏமாற்றியவள் நான்தானே என்று எனக்குத் தோன்றாமல் இருக்குமா? படித்தவளுக்கு அப்படித் தோன்றக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தோன்றும் என்பதும் தெரியும். ஆற்று நீரில் மட்டும் அலசி, பால் மறுபடியும் திரிந்தால், வீட்டில் ஒரு பொட்டு மீன் நுழையாத ஆண்டில் அத்தை எதைக் காரணம் சொல்வார்? மகன் இருமும்போதெல்லாம் அவர் எப்படி உயிரோடு இருப்பார்? செம்பே எடுக்கமாட்டேன் என்று சொல்லலாம். அதற்கு நான் அவரைவிடத் துணிந்தவளாக இருக்க வேண்டும்.

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பால்செம்பு எடுத்தவர்கள் இருப்பீர்கள். குழந்தையை இழந்தவர்களும் இருப்பீர்கள். நீரைப் பற்றி என்னைவிட அதிகம் படித்தவர்களும் இருக்கலாம். விஞ்ஞானம் எது, பக்தி எது என்று எனக்குப் பிரித்துக் காட்ட வேண்டாம், அதை நானே தினமும் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தக் காலையில் என் கணவர் துண்டில் சுற்றிய புட்டியை நீட்டும்போது, அத்தை பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் என் இடத்தில் இருந்தால் அதை வாங்குவீர்களா? தைப்பூசத்துக்கு முன் எழுதுங்கள்.